நூறு கேள்விகளிலிருந்து ஓர் இணையதளம்: சேலத்தில் தகவல் கட்டமைப்பு வேலையைத் தொடங்குவோருக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறை ஒன்றின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு வாரத்தில் வந்த செய்திகளை, உரிமையாளரின் அனுமதியோடு, ஒரு மாலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்து படித்தேன். "ரேட் எவ்வளவு", "80 டச்ல இருக்கா", "அஞ்சு வயசுக் குழந்தைக்கு எத்தனை இஞ்ச் வரும்", "பழசு எடுத்துப்பீங்களா", "ஞாயித்துக்கிழமை கடை இருக்கா" என்று திரும்பத் திரும்ப வந்த அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அவருடைய இணையதளத்தின் முதல் பக்கத்தில் விடை இல்லை. அங்கே இருந்தவை "எங்கள் பாரம்பரியம்", "எங்கள் தொலைநோக்கு", "தயாரிப்புகள்", "ஊடகம்" என்ற நான்கு பொத்தான்கள். தகவல் கட்டமைப்பாளர் என்று தமிழிலும் இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்ட் என்று அலுவலகங்களிலும் சொல்லப்படுபவரின் வேலை, அந்தக் கேள்விகளுக்கும் இந்தப் பொத்தான்களுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் குறைப்பதுதான்.

இந்தத் தொழிற்பெயர் புதியதன்று. அமெரிக்கக் கட்டடக் கலைஞரான ரிச்சர்ட் சால் வர்மன் 1976-ஆம் ஆண்டிலேயே தகவலுக்கும் கட்டமைப்பு உண்டு என்ற கருத்தைத் தம் துறையினர் முன் வைத்தார். இணையதளங்கள் பெருகிய பிறகு, நூலக அறிவியல் படித்த லூயிஸ் ரோசன்ஃபெல்டும் பீட்டர் மோர்வில்லும் 1998-இல் அதை ஒரு பாடநூலாக எழுதினார்கள். ஓர் இணையதளத்தின் நிறத்தையும் படத்தையும் வடிவமைப்பாளர் பார்த்துக்கொள்வார், நிரலை நிரலாளர் எழுதுவார். எந்தச் செய்தி எங்கே, எந்தப் பெயரில், எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். முடிவு சரியா என்று அளப்பதற்குப் பயன்பாட்டு எளிமை என்ற அளவுகோல் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற தரநிலை அதை மூன்றாகப் பிரிக்கிறது: வந்தவர் காரியத்தை முடித்தாரா, எவ்வளவு சிரமத்தில் முடித்தார், முடித்தபின் மனம் எப்படி இருந்தது. சேலத்துக் கடைக்காரர் ஒருவரிடம் இதை விளக்கும்போது நான் தரநிலையின் எண்ணைச் சொல்வதில்லை. "கேட்டது கிடைச்சுதா, சீக்கிரம் கிடைச்சுதா, மறுபடி வருவாங்களா" என்று சொன்னால் அவருக்கு உடனே புரிகிறது, ஏனெனில் கல்லாவில் உட்கார்ந்து அவர் நாள்தோறும் பார்ப்பதும் இவற்றைத்தான்.

பெங்களூரில் பெரிய நிறுவனம் ஒன்றில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியபோது, இங்கே இதற்கு ஆள் வேண்டும் என்று யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை. இன்றும் கொடுப்பதில்லை. "வெப்சைட்டுக்கு யாரும் வர்றதில்லை", "இன்ஸ்டாவுல லைக் வருது, ஆர்டர் வரலை", "ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியே ஒரு ஆள் வேலை போகுது" என்ற மூன்று புலம்பல்களின் வடிவத்தில்தான் வேலை வந்து சேரும். ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி, வேலை கேட்டுப் போவதற்கு முன்பு, தெரிந்தவர் ஒருவரின் சிறு தொழிலை எடுத்துக்கொண்டு, கீழே உள்ளபடி தொடக்கம் முதல் இறுதி வரை ஒரு முறை செய்து பார்ப்பது.

முதலில் நூறு கேள்விகள்

சமூக ஊடகம் என்றால் எதையாவது பதிவிடும் இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் தொழிலில் அது முதலில் காது கொடுக்கும் இடம். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமின் நேரடிச் செய்திகள், யூடியூப் காணொளிகளின் கீழே எழுதப்படும் கருத்துகள், கூகுள் மேப்பில் வரும் விமர்சனங்கள் ஆகியவற்றிலிருந்து நூறு கேள்விகளைத் திரட்டி ஒரு கூகுள் ஷீட்டில் வரிசைக்கு ஒன்றாக எழுதுங்கள். கேட்டவரின் சொற்களை அப்படியே எழுத வேண்டும். "குழந்தைக்கு எத்தனை இஞ்ச் வரும்" என்பதை "அளவு குறித்த விசாரணை" என்று நீங்கள் திருத்தி எழுதிய கணத்திலேயே, பின்னால் மெனுவுக்குப் பெயர் வைக்கத் தேவைப்படும் சொல் காணாமற்போய்விடுகிறது. எழுத்துப்பிழைகளையும் விட்டுவையுங்கள், தேடல் பெட்டியை அமைக்கும்போது அவை உதவும்.

ஒவ்வொரு வரிசையிலும் கேள்வி எங்கிருந்து வந்தது, எந்த நேரத்தில் வந்தது, கேட்டவர் வீட்டுக்கு வாங்குபவரா மொத்த வியாபாரியா, என்ன பதில் கொடுக்கப்பட்டது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் ஒருபோதும் ஷீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், மகளின் திருமணத்துக்கு எத்தனை பவுன் என்பது வரை மனம் விட்டு எழுதியிருக்கும் ஒரு தாயின் செய்தியை மூன்றாம் ஆளான நாம் படிக்கிறோம் என்ற கூச்சம் நமக்கு இருக்க வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. கேட்டவர்களின் குரல் மட்டுமே இதில் பதிவாகிறது, கேட்காமலேயே அடுத்த கடைக்குப் போனவர்களின் குரல் பதிவாவதில்லை. அதனால் ஒரு நாளாவது கடையில் உட்கார்ந்து, உள்ளே வருபவர் முதலில் எதைப் பார்க்கிறார், எந்தத் தட்டை எடுக்கச் சொல்கிறார், எந்த இடத்தில் பேச்சு நின்றுபோகிறது என்று கவனிக்க வேண்டும்.

இருப்பதைக் கணக்கெடுத்தல்

இது சலிப்பூட்டும் வேலை, ஆனால் அரை நாளில் முடிந்துவிடும். அந்தத் தொழிலின் பெயரில் இணையத்தில் எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிட வேண்டும். பழைய ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண், கூகுள் மேப்பில் வேறோர் எண், இணையதளத்தில் மூன்றாவதாக ஓர் எண் என்று இருப்பது சாதாரணம். நான் தொடக்கக் காலத்தில் இந்தக் கணக்கெடுப்பைச் செய்யாமல், பளபளப்பான புதிய மெனு ஒன்றை வரைந்து கொடுத்தேன். வாடிக்கையாளர்கள் அப்போதும் கைமாறிப்போன பழைய எண்ணுக்கே அழைத்துக்கொண்டிருந்தார்கள், ஏனெனில் அவர்கள் இணையதளத்துக்கு வரவே இல்லை. மேப்பில் இருந்த எண்ணைத் திருத்துவதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் என் இரண்டு மாத உழைப்பைவிட அந்தத் தொழிலுக்கு அதிகம் பயன்பட்டது என்பதை உரிமையாளர் எனக்கு மென்மையாகவே நினைவூட்டினார்.

அட்டைகளும் ஒரு சீர்காழிக்காரரும்

கேள்விகளும் இருப்பும் கைக்கு வந்தபின் அவற்றை எப்படிக் கூட்டுவது என்ற சிக்கல் வரும். இதற்குப் பயன்படும் முறைக்கு அட்டை அடுக்கல் என்று பெயர். முப்பது முதல் நாற்பது வரையிலான பொருள்களையும் செய்திகளையும் எடுத்து, அட்டைக்கு ஒன்றாக எழுதி, ஒருவர் முன் பரப்பி, "உங்களுக்குத் தோன்றியபடி சேர்த்து வையுங்கள், பிறகு ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். இதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றன. சார்ட் தாளை வெட்டிக்கொண்டு போவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் ஓர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருவர் தயங்கும் அந்த நொடியைத் திரையில் பார்க்க முடியாது. பயன்பாட்டு எளிமைத் துறையின் முன்னோடியான ஜேக்கப் நீல்சன் இந்தச் சோதனைக்குப் பதினைந்து பேர் போதும் என்று பரிந்துரைத்தார். சேலத்தில் பதினைந்து பேரைக் கூட்டுவது கடினமன்று, அவர்களுக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுக்கும் செலவை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொலுசுப் பட்டறைக்காக இதைச் செய்தபோது, பட்டறையில் வேலை செய்பவர்கள் அட்டைகளை வேலைப் படிகளின் வரிசையில் அடுக்கினார்கள். வியாபாரிகள் எடையையும் டச்சையும் வைத்துப் பிரித்தார்கள். டச் என்பது நூறு பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும் பட்டறைச் சொல். வீட்டுக்கு வாங்கும் பெண்களோ "குழந்தைக்கு", "கல்யாணத்துக்கு", "தினம் போட்டுக்க" என்று குவியல்களுக்குப் பெயர் வைத்தார்கள். மூவரும் சொன்னது சரிதான். எனவே எந்த ஒரு கிளைப் பிரிவை முதன்மையாக வைத்தாலும் மற்ற இருவர் வழி தவறிப்போவார்கள்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் நம் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஒரு நூலுக்கு அலமாரியில் ஒரே ஓர் இடம்தான் இருக்க முடியும், ஆனால் அந்த நூலைத் தேடி வருபவர்கள் பல வாசல்கள் வழியாக வருவார்கள் என்பது அவரை உறுத்தியது. லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது, சில துண்டுகளை விதவிதமாகப் பொருத்திப் பல உருவங்களைச் செய்வதுபோல், ஒரு பொருளை அதன் பல முகங்களால் குறிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் கோலன் பகுப்பு முறையாக 1933-இல் வெளிவந்தது. இன்று நீங்கள் ஒரு விற்பனைத் தளத்தில் விலை, நிறம், அளவு, பிராண்டு என்று இடப்பக்கத்தில் வரிசையாகத் தேர்ந்து சலித்தெடுக்கிறீர்களே, அந்த முறையின் வேர் அங்கே இருக்கிறது. தகவல் கட்டமைப்பு படிக்க வரும் தமிழ் இளைஞர்கள் கலிபோர்னியாவிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறார்கள். சீர்காழியிலிருந்து தொடங்கினால் பாதி வழி மிச்சம் என்பது என் கருத்து.

ஆகவே கொலுசுக்கு "யாருக்கு", "எடை", "டச்", "நீளம்", "மணி வைத்ததா இல்லையா" என்று ஐந்து முகங்களை வைத்தோம். ஒரே கொலுசு ஐந்து வழிகளிலும் அகப்படும். பட்டறை வேலைப் படிகள் மெனுவிலிருந்து விலகி, ஒரு சிறிய காணொளியாக உள்ளே போய்விட்டன. முகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை: நூறு கேள்விகளில் யாருமே கேட்காத முகத்தைச் சேர்க்காதீர்கள். உரிமையாளருக்கு டிசைன் எண் முக்கியம். வாங்க வருபவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பெயர் வைத்தல்

புதியவர்கள் இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள், நான் ஒரு வாரம் ஒதுக்குகிறேன். பொத்தானில் உள்ள சொல், அதைத் தொட்டால் உள்ளே என்ன கிடைக்கும் என்பதைத் தொடுவதற்கு முன்பே காட்டிக் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990-களில் இதைத் தகவலின் வாசனை என்று அழைத்தார்கள். இரையின் வாசனை கூடிக்கொண்டே போகும்வரை விலங்கு அதே தடத்தில் நடக்கிறது, குறைந்தால் திரும்பிவிடுகிறது என்பதுபோல், மனிதரும் இணையப் பக்கங்களில் நடந்துகொள்கிறார் என்பது அவர்கள் கண்டது. "சேவைகள்" என்ற சொல்லுக்கு எந்த வாசனையும் இல்லை. "பழைய வெள்ளி மாற்ற" என்பதற்கு உண்டு.

தமிழில் பெயர் வைக்கும்போது இரண்டு பக்கமும் வழுக்கும். ஒரு பக்கம், இணையதளம் என்றாலே மேடைத் தமிழில் இருக்க வேண்டும் என்று எண்ணி, "வினவல்கள்", "விழுமியங்கள்", "கொள்முதல் நெறிமுறை" என்று எழுதுகிறோம். மறுபக்கம், ஆங்கிலத் தளத்தின் மெனுவை வரிக்கு வரி பெயர்த்து "மேலும் கற்க", "தொடங்குங்கள்" என்று வைக்கிறோம். எதைக் கற்க, எதைத் தொடங்க என்று யாருக்கும் தெரியாது. கேள்விகளின் ஷீட்டைத் திறந்து பாருங்கள். மக்கள் "ரேட்" என்று எழுதியிருந்தால் "இன்றைய ரேட்" என்று வையுங்கள். "அளவு பார்ப்பது எப்படி" என்ற மூன்று சொல் கேள்வியே நல்ல தலைப்பாகிவிடும். பட்டா, ரசீது, பார்சல், கூலி போன்ற சொற்கள் தமிழில் வேரூன்றியவை, அவற்றைத் தூய்மைப்படுத்தப் புறப்பட்டால் வந்தவர் வெளியேறிவிடுவார்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதையும் இந்த இடத்திலேயே நினைவில் வையுங்கள். கணினித் திரையில் அழகாக அமர்ந்த "வாடிக்கையாளர் கருத்துகள்" கைப்பேசியில் இரண்டு வரியாக உடைந்து, கீழ் வரியின் எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். சிறு கைப்பேசியில் வைத்துப் பார்க்காத எந்தப் பெயரும் முடிவான பெயரன்று.

மெனுவில் ஏழு பொத்தான்களுக்கு மேல் கூடாது என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு என்ற எண்ணைப் பற்றி எழுதியது, மனிதர் ஒரே நேரத்தில் நினைவில் ஏந்திக்கொள்ளக்கூடியவை எத்தனை என்பதைப் பற்றியது. மெனு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. எட்டாவது பொத்தான் உண்மையில் தேவையென்றால் தயங்காமல் வையுங்கள்.

தமிழுக்கே உரிய மூன்று சிக்கல்கள்

இவற்றை ஆங்கிலப் பாடநூல்கள் சொல்லாது. நிரலாளரும் நீங்கள் சொல்லாவிட்டால் கவனிக்க மாட்டார்.

முதலாவது, அகர வரிசை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்பும் வைக்கப்பட்டிருக்கின்றன. நெடுங்கணக்கிலோ னகரம்தான் கடைசி மெய். எண்வரிசையில் அப்படியே அடுக்கினால், கடைக்கிளைப் பட்டியலில் அன்னதானப்பட்டி முதலிலும் அம்மாப்பேட்டை அதன் பின்னும் வரும். நம் அகராதிகளின் வரிசைப்படி அம்மாப்பேட்டை, அழகாபுரம், அதன்பிறகே அன்னதானப்பட்டி, கடைசியில் அஸ்தம்பட்டி என்று வர வேண்டும். புள்ளி வைத்த எழுத்திலும் இதே தொல்லை. அகராதியில் "பகல்" என்பதற்கு முன்னால் நிற்கும் "பக்கம்" கணினியில் பின்னால் போய்விடும். மொழிவாரி வழக்கங்களைத் தொகுத்து வைத்திருக்கும் யூனிகோடு அமைப்பின் சி.எல்.டி.ஆர். தரவில் தமிழுக்குரிய வரிசை விதி ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பயன்படுத்தும்படி நிரலாளரிடம் கேட்டால் போதும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத எழுத்து வேறுபாடு. "கொலுசு" என்ற சொல்லின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒருவிதமாகத் தட்டச்சு செய்தவர் தேடினால் மறுவிதமாகச் சேமித்த பக்கம் அகப்படாது. தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை யூனிகோடிலேயே இருக்கிறது. அதைச் செய்திருக்கிறார்களா என்று சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரே சொல்லைப் பலர் பலவிதமாக எழுதுவது. கோயில், கோவில் இரண்டும் சரி. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களில் சிலர் கொலுசை "கே" எழுத்தில் தொடங்குவார்கள், சிலர் "ஜி" எழுத்தில் தொடங்குவார்கள். பிழையோடு அப்படியே விட்டுவைத்த அந்த நூறு கேள்விகளிலிருந்து இணைச்சொற்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, தேடல் பெட்டிக்குக் கொடுங்கள்.

எந்தச் செய்திக்கு எந்த இடம்

செய்தி எத்தனை நாள் உயிரோடு இருக்குமோ, அத்தனை நாள் நிற்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும். வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறும்; வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானே மறையும்; இரண்டும் பொருத்தமான ஜோடி. இணையதளத்தில் விலையைப் போட்டுவிட்டு மாற்ற மறந்தால், பத்து நாள் பழைய விலையைக் காட்டி வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கணுக்காலை நூலால் அளப்பது எப்படி என்ற விளக்கம் ஆண்டுக்கணக்கில் மாறாது. அது இணையதளத்தில் தனக்கென்று ஒரு பக்கத்தோடு இருக்க வேண்டும். அதை இன்ஸ்டாகிராமில் ரீல்ஸாகப் போட்டால் ஓரிரு நாள் ஓடிவிட்டுக் கீழே புதைந்துபோகும், போட்டவருக்கே மறுபடி தேடி எடுப்பது கடினம்.

ஆகவே அடிக்கடி கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு வீட்டை முடிவு செய்து, மற்ற எல்லா இடங்களிலிருந்தும் அந்த வீட்டுக்கு இணைப்பு கொடுங்கள். இன்ஸ்டாகிராமில் மறைந்துபோகும் ஸ்டோரிகளைச் சுயவிவரத்திலேயே நிறுத்தி வைக்க 2017 முதல் இருக்கும் ஹைலைட்ஸ் வட்டங்களை ஒரு சிறு மெனுவாகவே நடத்த வேண்டும். இணையதளத்தில் "குழந்தைக்கு", "கல்யாணத்துக்கு" என்று வைத்த அதே பெயர்களை ஹைலைட்ஸிலும், வாட்ஸ்அப் பிசினஸ் கேட்லாக்கின் தொகுப்புகளிலும் எழுத்து மாறாமல் வையுங்கள். இன்ஸ்டாகிராம் சுயவிவரத்தில் 2023 முதல் ஐந்து இணைப்புகள் வரை கொடுக்க முடிகிறது என்பதால், முகப்புப் பக்கத்தை மட்டும் கொடுத்து நிறுத்தாமல், அதிகம் கேட்கப்படும் பக்கங்களுக்கே நேராக வழிவிடலாம். யூடியூபில் நீண்ட காணொளி இருந்தால் விளக்கக் குறிப்பில் நேரங்களை எழுதி அத்தியாயமாகப் பிரியுங்கள். முதல் நேரம் சுழியத்தில் தொடங்க வேண்டும், மூன்று அத்தியாயங்களாவது இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது.

ஹேஷ்டேக் பற்றிப் புதியவர்கள் அதிகம் கேட்கிறார்கள். கிறிஸ் மெஸ்ஸினா 2007 ஆகஸ்டில் ட்விட்டரில் அதை முன்மொழிந்தபோது, சிதறிக் கிடக்கும் பேச்சை ஒரு பெயரின் கீழ் கூட்டுவதே நோக்கமாக இருந்தது. ஒரு பதிவின் கீழே ஹேஷ்டேக்குகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், எல்லாப் பெட்டியிலும் எல்லாப் பெயரையும் ஒட்டிய மளிகைக்கடை நினைவுக்கு வருகிறது. இரண்டு மூன்று போதும்.

ஐந்து பேர், மலைப் பாதை

வரைந்ததைச் சோதிக்காமல் கொடுக்காதீர்கள். நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் வெளிப்படும், ஐந்து பேரோடு அது ஏறக்குறைய 85 சதவீதத்தை எட்டிவிடும். ஐந்து பேர் என்பது ஒரு சுற்றுக்கு. திருத்தியபின் வேறு ஐந்து பேரோடு மறுபடியும் செய்ய வேண்டும்.

"சைட் எப்படி இருக்கு" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்ற பதிலில் உள்ள அந்த "தான்" எதைக் குறிக்கிறது என்று ஊகித்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக ஒரு காரியத்தைக் கொடுங்கள்: "உங்கள் அண்ணன் பெண்ணுக்கு ஐந்து வயது, பிறந்தநாளுக்கு வாங்க வேண்டும், இதில் தேடுங்கள்." காரியத்தைச் சொல்லும்போது மெனுவில் உள்ள சொல்லைப் பயன்படுத்திவிடக் கூடாது. பிறகு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். அவர் தவறான பொத்தானைத் தொடும்போது "அது இல்லைங்க, பக்கத்துல" என்று சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்குவதுதான் இந்தப் பயிற்சியில் மிகக் கடினமான பகுதி.

சோதிக்கும் இடமும் முக்கியம் என்பதை ஏற்காட்டில் கற்றேன். காப்பித் தோட்டத்துக்குள் விருந்தினர் இல்லம் நடத்தும் ஒருவருக்காகச் செய்த தளம், அஸ்தம்பட்டியில் என் மேசைமேல் இரண்டு நொடியில் திறந்தது. விருந்தினர்கள் அதைத் திறப்பதோ இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், சிக்னல் ஒரு கோடாகத் தேய்ந்த நேரத்தில், பின்னிருக்கையில் குழந்தை வாந்தி எடுக்கும் பதற்றத்தோடு. அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது தோட்டத்தின் காலைப் பனிப் படம் அன்று. எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியும், தொட்டவுடன் அழைக்கும் தொலைபேசி எண்ணும்தான். மழையில் மண்சரிந்தாலோ மே மாதக் கோடை விழாக் கூட்டத்தாலோ பாதை மாற்றப்படும் நாள்களில், குப்பனூர் வழியாக வரலாமா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

அந்தத் தளத்தில் வழி முழுவதும் ஓர் அழகான படமாக வரையப்பட்டு, அந்தப் படத்துக்குள்ளேயே எழுத்தும் எண்ணும் இருந்தன. படம் இறங்காவிட்டால் எதுவும் இல்லை. கண்பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் அது வெறும் படம். படத்துக்குள் இருக்கும் எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது. இப்போது வழியும் எண்ணும் எழுத்தாகவே முதல் திரையில் இருக்கின்றன, படங்கள் கீழே போய்விட்டன. சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்திருந்ததையும் மாற்றினோம். மலையுச்சி வெயிலில் அது தெரியவே இல்லை. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கிறது, அதை அளக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒப்படைத்தலும் கூலியும்

வேலை முடிந்தபின் நான் கொடுப்பது ஒரே ஒரு தாள். எந்தச் செய்தி எந்த இடத்தில் இருக்கிறது, அதை மாற்றும் பொறுப்பு யாருடையது, எப்போது மாற்ற வேண்டும் என்பவை மட்டும் அதில் இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கும் அளவில் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். நாற்பது பக்க அறிக்கையை யாரும் திறப்பதில்லை. கூலியை மணிக்கணக்கில் பேசாதீர்கள், நீங்கள் பாதி நேரம் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே அவர்களுக்குத் தெரியும். கேள்வித் தொகுப்பு, அமைப்பு வரைவு, சோதனை என்று மூன்று தவணையாகப் பிரித்து, முதல் தவணையை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் நூறு கேள்விகளைத் திரட்டிப் பழைய ஷீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொலுசுப் பட்டறையில் அப்படிப் பார்த்தபோது, அளவு, விடுமுறை, பழைய வெள்ளி பற்றிய கேள்விகள் வெகுவாகக் குறைந்திருந்தன, "ரேட் எவ்வளவு" மட்டும் குறையவே இல்லை. ஸ்டேட்டஸில் விலை இருக்கிறது, கேட்லாக்கில் கூலி இருக்கிறது, ஆனாலும் கேட்கிறார்கள். எங்கே தவறு செய்தேன் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு உரிமையாளரிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அவங்க ரேட்டைக் கேக்கலைங்க, பேச்சை ஆரம்பிக்கிறாங்க, எவ்வளவுன்னு நான் சொன்னாத்தானே குறைச்சுக் கேக்க முடியும்" என்றார். அன்று மாலையே ஒவ்வொரு கொலுசின் படத்துக்குக் கீழும் "ரேட் கேட்க" என்று ஒரு பொத்தானை வைத்து, தொட்டால் அந்தக் கொலுசின் பெயரோடு வாட்ஸ்அப் திறக்கும்படி செய்தோம்.